வலது இருக்கைக்காரி

நோர்டால் ஊரில் லவோன் ஸ்டென்ஸ்ருட்டின் கையால் சாப்பிடாதவர்கள் குறைவு. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்தவள். இன்றைக்கு வங்கியில் உட்கார்ந்துகொண்டு கைவிரிக்கிற மேனேஜரும், ஊர்ச் சாவுகளுக்கெல்லாம் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிற சவப்பெட்டிக்காரரும் ஒரு காலத்தில் அவள் முன்னால் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். அவள் எதிரே வந்தால் இப்போதும் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பார்கள், பட்டாணியை மிச்சம் வைத்ததைப் பார்த்துவிடுவாளோ என்று.

ஆனால் லவோன் உள்ளூரப் பெருமைப்பட்டது சமையலைப் பற்றி இல்லை. ஊர் எல்லையில், சோளக் காட்டுக்கும் சோயா வயலுக்கும் நடுவில், எங்கள் புல்தரை விமானத் திடலில் நின்ற ஒரு மஞ்சள் விமானத்தைப் பற்றி. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய சின்ன விமானம். அவளுடைய புருஷன் ஆர்டன் கட்டியது. வெண்ணெய்த் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஆர்டன், ஒரு குளிர்காலத்தில் சாப்பாட்டு மேஜையில் வைத்து, நாலு கோழி வாங்கலாம் என்பது மாதிரி ஒரு குரலில் விஷயத்தைச் சொன்னான்.

"ஒரு விமானம் கட்டலாம்னு பாக்கறேன்."

"எங்க வெச்சு?"

"கராஜுல."

"அப்ப காரு?"

"வெளியில நிக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. கார் பல வருஷம் பனியில் நின்றது.

அலுமினியத் தகடுகளை ரிவெட் என்கிற குட்டை ஆணி அடித்துச் சேர்க்கிற வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. வெளிப்பக்கம் ஒருவர் காற்றுச் சுத்தியலை வைத்து அடிக்கவேண்டும். உள்பக்கம் ஒருவர் ரிவெட்டின் வாலுக்கு நேராக ஓர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிக்கவேண்டும். ஆர்டனின் கை உலக்கை மாதிரி. இறக்கைக்குள்ளே நுழையவே நுழையாது. லவோனின் இடது கை மெலிந்து நீண்டது, பெரிய அண்டாவின் அடிவரை துழாவிப் பழகியது. அது நுழைந்தது. ஆர்டன் வெளியே நின்று அடிப்பான், அவளுக்கு அவன் முகம் தெரியாது. உள்ளிருந்து ஒரு தட்டுத் தட்டினால் ரிவெட் நன்றாக உட்கார்ந்துவிட்டது, இரண்டு தட்டினால் இன்னொரு அடி வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டது அந்தக் கராஜில்தான் என்று அவள் ஒரு தடவை தன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். விமானத்தின் கதவோரத் தகட்டில் கட்டியவர் பெயர் ஆர்டன் ஸ்டென்ஸ்ருட் என்று மட்டும் பொறித்திருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொன்னதில்லை. எங்கள் ஊரில் ஒன்றும் சொல்லாததற்குப் பல அர்த்தம் உண்டு.

விமானம் பறக்க ஆரம்பித்த பிறகு அவளுக்கு வலது இருக்கை. அங்கேயும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. இறக்கையின் பின்விளிம்பில் கதவு மாதிரி ஒரு தட்டு உண்டு, ஃபிளாப் என்பார்கள். தரைக்கு வரும்போது அதைத் தாழ்த்தினால் விமானம் வேகம் அடங்கி, மெதுவாக, குறைந்த தூரத்தில் இறங்கும். பெரிய விமானங்களில் அதற்கு மோட்டார். ஆர்டன் கட்டியதில் இரண்டு இருக்கைக்கும் நடுவே, காரின் கைப்பிரேக் மாதிரி ஒரு நீள லீவர், இழுக்க இழுக்க ஒவ்வொரு பல்லாகப் போய் நிற்கும். இறங்குகிற நேரத்தில் ஆர்டனுக்கு ஒரு கை ஓட்டுகிற பிடியில், ஒரு கை வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழில். முதல் கோடையில் ஒருநாள், "அத ஒரு இழு இழுக்கறியா" என்றான். அவள் இடது கையால் இழுத்தாள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. அவன் "ஒண்ணு" என்பான். அவள் லீவரை முதல் பல்லுக்கு இழுத்துவிட்டு "ஒண்ணு" என்று திருப்பிச் சொல்வாள். பிறகு "ரெண்டு". அவளும் "ரெண்டு". மூன்று மாநிலம் தாண்டிப் போகிற வழியெல்லாம் வாயே திறக்காதவன் அந்த இரண்டு வார்த்தையை மட்டும் அவளைப் பார்த்துச் சொல்வான். அதற்காகவே அவள் எல்லாப் பயணத்துக்கும் கிளம்பினாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் உண்மை.

தொண்ணூற்றேழாம் வருஷம் இலையுதிர் காலத்தில் லவோனின் இடது மணிக்கட்டில் ஒரு சின்ன ஆபரேஷன் நடந்தது. அண்டா தூக்கின கை, நரம்பு நசுங்கியிருந்தது. ஆறின பிறகு முதல் தடவை பறந்தபோது, "ரெண்டு" என்றதும் இழுத்தாள். இழுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு நொடிதான். லீவர் தாமதமாகப் போய் உட்கார்ந்தது, விமானம் தரையில் தொம்மென்று விழுந்து எழுந்தது. ஆர்டன் அவள் பல்லைக் கடித்ததைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அவள் விமானம் தொம்மென்று விழுந்ததைக் கவனித்தாள், அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆர்டன் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்த லீவர எடுத்துட்டு மோட்டார் வெக்கலாமான்னு யோசிக்கறேன்."

லவோன் கரண்டியைக் கீழே வைத்தாள். நான் லேட்டாக இழுத்தது இவனுக்குப் பிடிக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்ல மனசில்லாமல் மெஷின்மேல் பழியைப் போடுகிறான் என்று நினைத்தாள். வேண்டாம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயே நின்றது.

"உன் விமானம். உனக்கு எது சரின்னு படுதோ செய்யி."

ஆர்டன் தலையை ஆட்டினான். பாவம், கை ரொம்ப வலிக்கிறது போல, சொன்ன உடனே சரி என்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

இதை இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்லவேண்டும். மறுபடி கேட்பார்கள், அப்போதும் வேண்டாம். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா அரைக் குவளை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து மூன்று குவளை குடிக்கலாம். காப்பிக்கு இந்த மரியாதை தெரிந்த ஆர்டன், லீவர் விஷயத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டான். இன்னும் இரண்டு தடவை கேட்டிருந்தால் அந்த மோட்டார் கடையிலேயே கிடந்திருக்கும். இந்த ஜனங்களின் வாயை என்ன சொல்ல!

குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. ஆர்டன் லீவரைக் கழற்றினான், அதிலிருந்து ஃபிளாப்புக்குப் போகிற தண்டுகளைக் கழற்றினான். லீவரைத் தாங்கியிருந்த தகடு போகவேண்டியிருந்தது. அதன் ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகத் துளைத்து எடுத்தபோது லவோன்தான் டார்ச் பிடித்தாள். எல்லாம் அவள் கட்டை பிடித்து அடித்தவை. ஒன்றுகூட ஆடவில்லை. இருக்கைக்குப் பின்னால் மோட்டாரும் அது சுழற்றுகிற திருகுத் தண்டும் போய் உட்கார்ந்தன. ஃபிளாப் மேலே முழுக்கப் போனதும், கீழே முழுக்க வந்ததும் மோட்டார் தானே நின்றுகொள்ள இரண்டு முனையிலும் சின்ன சுவிட்சுகள். முன் பலகையில், ஆர்டனின் விரலுக்கு எட்டுகிற இடத்தில், ஃபிளாப் மாதிரியே தட்டையாக முனை வைத்த ஒரு சுவிட்ச். கீழே தள்ளினால் ஃபிளாப் இறங்கும், மேலே தள்ளினால் ஏறும்.

திடலில் விமானம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் சங்கம் ஒன்று உண்டு. அதில் அனுபவசாலி ஒருவர் போய் மற்றவர்கள் வேலையைப் பார்த்துச் சொல்வார். எங்கள் சங்கத்துக்கு அது மைலோ புரோஹாஸ்கா. பன்றிப் பண்ணைக்காரன், ஆர்டனுக்கு நாற்பது வருஷச் சிநேகிதன், தானே மூன்று விமானம் கட்டியவன். வாயால் இன்னும் ஏழெட்டு கட்டியிருக்கிறான். மல்லாக்கப் படுத்துக்கொண்டு விமானத்தின் வயிற்றுக்குள் தலையை விட்டான்.

"பாதி வழியில மோட்டார் செத்துட்டா?"

"இருக்கற இடத்துலயே நிக்கும். திருகு நழுவாது" என்றான் ஆர்டன்.

"ஒரு பக்கம் எறங்கி ஒரு பக்கம் எறங்காம போயிட்டா?"

"ரெண்டையும் திருப்பறது ஒரே குழாய்டா. போனா சேந்துதான் போகும்."

மைலோ வெளியே வந்தான். "சுத்தமா செஞ்சிருக்கே. நீதான் செஞ்சியா, இல்ல லவோன் செஞ்சாளா?"

"அவ ரிவெட் அடிச்சா."

"அதான் நல்லாருக்கு."

லீவர் இருந்த இடம் வெறும் ஓட்டையாக இருக்கக்கூடாது என்று ஆர்டன் அதற்கு ஒரு மூடி செய்திருந்தான். மூடியில் காப்பிக் குவளை உட்கார ஒரு வளையம். தோல் வைத்துத் தைத்த வளையம், அவனே ராத்திரி முழுக்கத் தைத்தது. லவோனை அழைத்து வந்து காட்டினான்.

"உனக்குத்தான். கைய வெச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காரலாம்."

"வித்தியாசமா இருக்கு" என்றாள் லவோன்.

எங்கள் பக்கத்தில் ஒன்றை வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது. ஆர்டனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் தன் பெண்டாட்டி அதைத் தன்னிடம் சொல்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, ஆகவே தோலின் நிறத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். லவோன் வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் நின்று அழுதாள். குவளை பிடிக்கவா இத்தனை வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்தேன் என்று நினைத்தாள். அழுது முடித்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.

சொந்தமாகக் கட்டின விமானத்தில் இப்படிப் பெரிய மாற்றம் ஏதாவது செய்தால், மறுபடி ஐந்து மணி நேரம் தனியாக ஓட்டிச் சோதிக்கவேண்டும் என்பது சட்டம். அதுவரை பக்கத்தில் யாரும் ஏறக்கூடாது. கோடை வந்ததும் ஆர்டன் சோதனையை ஆரம்பித்தான். முதல் இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. சுவிட்சைத் தட்டினான், ஃபிளாப் இறங்கியது, விமானமும் இறங்கியது. புதுசு என்ற நினைப்பு இருந்தவரை கை தன் வேலையைச் செய்தது.

மூன்றாம் தடவை பறந்தது ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமை காலையில் சங்கத்தில் பான்கேக் போடுவார்கள். ஆண்கள் மாவை ஊற்றிக் கருக்குவார்கள், பெண்கள் காப்பி ஊற்றிக்கொண்டே அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சுற்று வட்டாரத்திலிருந்து பத்திருபது பேர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மஞ்சள் விமானம் சோளக் காட்டுக்கு மேலே திரும்பி இறங்க வந்தது. லவோன் காப்பிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் பார்க்கக்கூட வேண்டியதில்லை. இன்ஜின் சத்தம் தணிந்த விதத்திலேயே தெரிந்தது, இதோ, இந்த இடத்தில்தான். அவளுடைய இடது கை தானாக மூடிக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தாள். ஃபிளாப் இறங்கவில்லை.

விமானம் வேகம் அடங்காமல் திடலின் மேலே மிதந்துகொண்டே போனது. பாதித் திடல் தாண்டியும் சக்கரம் தரையைத் தொடவில்லை. தொட்டபோது காலைப் பனியில் புல் ஈரமாக இருந்தது, பிரேக் வழுக்கியது. திடலின் கோடியில் இருந்த சோயா வயலுக்குள் இடுப்புயரச் செடிகளைப் பிளந்துகொண்டு போய் நின்றது. பெஞ்சிலிருந்தவர்கள் ஓடினார்கள். லவோன் ஓடவில்லை. காப்பிப் பாத்திரத்தை மேஜையில் வைத்து, மூடியைச் சரியாக மூடிவிட்டு, நடந்துபோனாள். ஓடினால் கால் பின்னிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஆர்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. சக்கர மூடி ஒன்று உடைந்திருந்தது, ஒரு பக்க ஃபிளாப்பின் ஓரம் நசுங்கியிருந்தது. அவன் செடிகளுக்கு நடுவே நின்று தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான்.

"மோட்டார் மக்கர் பண்ணிருச்சா?" மைலோ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"ம்" என்றான் ஆர்டன்.

செடிகளை விலக்கிக்கொண்டு சக்கரத்தைப் பார்க்கக் குனிந்தான். லவோனைப் பார்க்கவில்லை.

மைலோ விடுகிற ஆளா? திங்கட்கிழமை வந்து சுவிட்சைத் தட்டினான். இறங்கியது. தட்டினான், ஏறியது. குலுக்கினான், உதைத்தான், பேட்டரியைக் கழற்றி மாட்டினான். மோட்டார் சொன்னபடியெல்லாம் கேட்டது. ஆர்டன் உடைந்த மூடிக்குச் சாமான் வாங்கப் போயிருந்த சமயம் பார்த்து லவோனிடம் வந்து நின்றான். மைலோவின் முகத்தில் கேலி இல்லாமல் இருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"மோட்டார்ல ஒண்ணும் இல்ல, லவோன். அவன் சுவிட்சத் தொடவே இல்ல."

"பின்ன ஏன் மோட்டார்னு சொன்னான்?"

"அதான் எனக்கும் புரியல. எறங்கும்போது ஃபிளாப்ப மறக்கறது ஆர்டன் செய்யற காரியம் இல்ல." மைலோ கையைப் பிசைந்தான். "வீட்ல எப்படி? கேட்டதையே கேக்கறது, சாவிய எங்கயாவது வெச்சிட்டுத் தேடறது, அப்படி ஏதாவது?"

"இல்ல."

"நான் கேட்டதாச் சொல்லாத."

அவன் ஏன் கேட்டான் என்று அவளுக்குத் தெரியும். ஆர்டனின் அப்பா கடைசிக் காலத்தில் சொந்தப் பசுக்களின் பெயரையே மறந்து, பால் கறக்கிற கொட்டகையில் திசை தெரியாமல் நின்றவர். அன்று ராத்திரி லவோன் சாப்பாட்டு மேஜையில் புருஷனைத் திருட்டுத்தனமாகக் கவனித்தாள். உப்பு டப்பா எங்கே என்று சரியாகத் தெரிந்து எடுத்தான். மருமகளின் பிறந்தநாளைச் சரியாகச் சொன்னான். ஆனாலும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் அவளை அப்படிப் பிடித்துக்கொண்டது. கேட்கலாம், நேராகக் கேட்டுவிடலாம். என்ன ஆச்சு ஆர்டன்? மூன்றே மூன்று வார்த்தை. அவளால் முடியவில்லை. பதில் தெரிந்துவிட்டால் பிறகு அதோடு வாழவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை பான்கேக் மேஜையில் ஆர்டனின் நாற்காலியில் ஒரு சோயா விதை மூட்டை, சிவப்பு ரிப்பன் கட்டி. "இந்த வருஷத்துச் சிறந்த உழவனுக்கு" என்று மைலோ எழுந்து நின்று கையில் கொடுத்தான். "மேல பறந்துக்கிட்டே கீழ உழறான் பாருங்க, டீசல் மிச்சம்!" எல்லோரும் கைதட்டினார்கள். விழுந்து பிழைத்தவனைக் கேலி செய்யாவிட்டால்தான் எங்கள் ஆட்கள் அவனைக் கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஆர்டனும் சிரித்தான், மூட்டையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். மறுநாள் பத்திரிகைக்குப் போன் செய்து, விமானம் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்தான்.

"வித்துடலாம்னு பாக்கறேன்" என்று பிறகுதான் அவளிடம் சொன்னான்.

"ஏன்?"

"வயசாகுது."

"நீ என்ன முடிவு பண்ணினாலும் சரி" என்றாள் லவோன். சொன்ன வாய் மூடுவதற்குள் தன்னைத் தானே அறையவேண்டும் போலிருந்தது அவளுக்கு.

செப்டம்பரில் வாங்க வந்தவர் மினசோட்டாப் பக்கத்துப் பல் டாக்டர், ஓல்கி என்று பெயர், இளம் வயசு, சுத்தமான ஷூ. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிவெட் வரிசைகளின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, "அடடா, பல்வரிசை மாதிரி இருக்கே" என்றார். லவோன் திடலின் கொட்டகைக்குள் ஒரு மடக்கு மேஜை போட்டுக் காப்பியும், காலையில் மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை என்ற பலகாரமும் வைத்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றாள். விற்பதை நிறுத்த அவளுக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. நிறுத்தினால் என்ன சொல்லி நிறுத்துவது? மறதிக்காரனை ஓட்டச் சொல்வதா?

டாக்டர் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். ஃபிளாப் மெல்ல இறங்கியது.

"எலக்ட்ரிக் ஃபிளாப்பு, நல்லதாப் போச்சு. லீவர் வெச்சதுன்னா நான் வந்தே இருக்க மாட்டேன்." பிறகு தயங்கினார். "இதுதான் அன்னிக்கு வேலை செய்யலேன்னு திடல்ல சொன்னாங்க. அப்படியா?"

ஆர்டன் இறக்கையின்மேல் கையை ஓட்டினான். சிநேகிதனிடம் ஒரு "ம்" போட்டுச் சமாளித்துவிடலாம். பெண்டாட்டியிடம் அதுகூடப் போடாமல் சமாளிக்கலாம். ஆனால் இந்த ஆள் நாளைக்கு இதில் ஏறிப் பறக்கப்போகிறவன். அவனிடம் மெஷினைப் பற்றிப் பொய் சொல்ல ஆர்டனால் முடியாது.

"மோட்டார்ல தப்பில்ல. அத நம்பாம நீங்க கழட்டிடாதீங்க. நல்ல மோட்டார்."

"அப்ப என்னதான் ஆச்சு?"

"நான் ஒண்ணுன்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

ஆர்டன் வலது இருக்கையைத் தாடையால் காட்டினான். "அங்க எப்பவும் என் வீட்டுக்காரி இருப்பா. நான் ஒண்ணும்பேன், அவ லீவர இழுத்துட்டு ஒண்ணும்பா. அன்னிக்கு நான் தனியாத்தான் போனேன். தெரியும். லீவர் இல்லேன்னும் தெரியும், நான்தானே கழட்டினேன். ஆனா வாய் சொல்லிருச்சு. சொல்லிட்டு அவ திருப்பிச் சொல்லுவான்னு காத்துக்கிட்டிருந்தேன். சொல்லலையேன்னு திரும்பிப் பாக்கறதுக்குள்ள பாதித் திடல் போயிருச்சு." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "காலி சீட்டுக்கிட்டப் பேசற ஆளு இனிமே ஓட்டக்கூடாது."

டாக்டர் சிரிக்கப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

லவோன் கையில் பைத் தட்டோடு நின்றிருந்தாள். மார்பிலிருந்து ஒரு பாறையை யாரோ உருட்டி எடுத்த மாதிரி முதலில் மூச்சு வந்தது: மறதி இல்லை. இவன் அப்பாவுக்கு வந்தது இவனுக்கு வரவில்லை. எதையும் மறக்காததால் வந்த வினை. அடுத்த நொடி அவளுக்குக் கோபம் வந்தது, காது சிவக்கிற கோபம். ஒரு மாதமாகச் சோறு இறங்காமல் கிடந்தேனே, வீட்டில் எதிரே உட்கார்ந்து உப்பைப் போட்டுத் தின்றானே, ஊர் பேர் தெரியாத பல் டாக்டரிடம் சொல்கிறான் பார்! தட்டை மேஜையில் வைத்தாள்.

"டாக்டர், எறங்குங்க. இது விக்கறதுக்கில்ல."

"லவோன்" என்றான் ஆர்டன். "மனுஷன் ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு வந்திருக்காரு."

"அதுக்குத்தான் பை சுட்டிருக்கேன். முழுசையும் எடுத்துட்டுப் போகட்டும்."

ஓல்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பல் பிடுங்குகிற இடத்தில் பெண்டாட்டிகளின் குரலைக் கேட்டுப் பழகியவர்போல, பேசாமல் இறங்கினார். பையை முதலில் வேண்டாம் என்றார், லவோன் இரண்டாம் தடவை கேட்காமல் கையில் திணித்தாள். கார் கிளப்பிய புழுதி அடங்கியது.

"உன் கை வலிக்குதேன்னுதான் நான் அதக் கழட்டினேன்" என்றான் ஆர்டன்.

"வலிக்குதுன்னு யாரு சொன்னா?"

"பல்லக் கடிச்சே."

"வலிச்சா நான் வாயத் தெறந்து சொல்ல மாட்டேனா?"

ஆர்டன் அவளை நேராகப் பார்த்தான். "மாட்டே."

லவோன் மேஜையிலிருந்த குவளைகளை எடுத்து வைத்தாள். மேஜை விரிப்பை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள்.

"நான் லேட்டா இழுத்து, நீ தொம்முன்னு எறங்கினியே. அதான் நீ என்னை வேண்டாங்கறியோன்னு நெனச்சேன்."

"எப்ப?"

"ஆபரேஷனுக்கு அப்புறம்."

ஆர்டன் யோசித்தான். "அது காத்து. குறுக்குக் காத்து அடிச்சுது."

கொட்டகைக்கு வெளியே யாரோ டிராக்டர் ஓட்டிக்கொண்டு போனார்கள். லவோன் விமானத்துக்குள் குனிந்து, இரண்டு இருக்கைக்கும் நடுவில் இருந்த அந்த மூடியைத் தொட்டாள். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை வார்த்தை நாக்கு நுனியில் நிற்கவில்லை.

"எனக்கு இது வேணாம் ஆர்டன். எனக்கு லீவர்தான் வேணும். கை வலிச்சா வலிக்கட்டும், அது என் கை. திரும்பப் போடு."

"மறுபடி மாத்தினா மறுபடி சோதனை" என்றான் ஆர்டன் மெதுவாக. "அஞ்சு மணி நேரம் நான் தனியாத்தான் ஓட்டணும். நீ ஏற முடியாது. மறுபடி நான்..." அவன் முடிக்கவில்லை. அவன் கண்ணில் பயம் இருந்தது, அவள் அதை முதல் தடவையாகப் பார்த்தாள்.

"அந்த அஞ்சு மணி நேரமும் நீயே சொல்லி, நீயே இழுத்து, நீயே பதில் சொல்லிக்கோ. யாரு கேக்கப்போறா?" லவோன் மடக்கு மேஜையின் காலை உதைத்து மடக்கினாள். "அதுக்கப்புறம் நீ அந்த லீவரத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்."